நெற்றியில் நிற்காத சாம்பல்

1965ஆம் வருஷம் மார்ச் மாதம் மூன்றாம் தேதி, விபூதிப் புதனன்று காலைப் பூசையில், ஞானம்மாளின் நெற்றியில் சாமியார் இட்ட சாம்பல் ஒட்டவில்லை. அவர் கட்டைவிரலை எடுத்ததும் அது சிலுவை வடிவம் கலையாமல் கழன்று, மூக்கைத் தொட்டு, புடவையில் விழுந்து தூளாயிற்று. சாமியார் புதுச்சேரிப் பக்கத்துக்காரர், வயதானவர், கண் கொஞ்சம் மங்கல். தன் விரல்தான் தவறிவிட்டது என்று இரண்டாம் முறை வைத்தார். அதுவும் விழுந்தது. மூன்றாம் முறை அழுத்தி வைத்ததில் ஞானம்மாளுக்கு நெற்றி வலித்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பின்னால் வரிசை நீளமாக நின்றதால் அவர் அடுத்த நெற்றிக்குப் போய்விட்டார். அடுத்த நெற்றி ஞானம்மாளின் தங்கை மனோரமாவுடையது. அதில் சாம்பல் நன்றாகவே ஒட்டியது. அதற்குப் பின் வந்த பத்தொன்பது விபூதிப் புதன்களிலும் இப்படியேதான் நடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்கிறவர்களுக்கு வீண் எதிர்பார்ப்பு இருக்காது.

திருத்தணியில் நெற்றியில் சாம்பல் இல்லாமல் நடமாடுவதுதான் கண்ணை உறுத்தும். மலைமேல் முருகன் இருக்கிறார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, பட்டாணி வறுக்கிறவன், திருப்பதி பஸ் டிரைவர் எல்லாரும் நாள் தவறாமல் பூசிக்கொள்கிறார்கள். ரயில் பாதைக்கு அப்பால் மாதா கோயிலைச் சுற்றி இருந்த முப்பது வேதக்காரர் வீடுகளுக்கு மட்டும் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் அன்றைக்குத் தொடங்குகிறது. போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலைகளை எரித்த சாம்பலை வைத்து, நீ மண், மண்ணுக்கே போவாய் என்று சொல்லி அனுப்புவார்கள். அந்தக் கோயிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் செருகி வைத்திருந்த காய்ந்த ஓலையை முந்தின நாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எடுத்து வருகிறவர்கள் அதைத் தாங்களே தீயில் போடக்கூடாது. யார்மேல் மனத்தாங்கலோ அவர் கையில் கொடுத்து, அவரைப் போடச் சொல்ல வேண்டும். மனசைக் கழுவிக்கொண்டு தவக்காலத்துக்குள் போவதற்கு அந்த முப்பது வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த வழி அது. யார்மேலும் மனத்தாங்கல் இல்லாதவர்கள், சாமியாருக்குக் கோயில் வேலைகளில் உதவும் உபதேசியார் வேணுவிடம் கொடுக்கலாம். வேணுவுக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று ஓலைக்கு மேல் வந்ததில்லை. ஞானம்மாள் தன் ஓலையை மனோரமாவிடம் கொடுத்தாள், மனோரமா போட்டாள், அது மற்ற ஓலைகளைப் போலவே எரிந்தது.

சாம்பல் ஒட்டாததற்குக் காரணம் ஞானம்மாளுக்குத் தெரியும். முந்தின வருஷம் ஆவணியில் அவளுடைய அம்மா திருவாலங்காட்டில் இறந்துபோனாள். ஞானம்மாளுக்கு அப்போது எட்டாம் மாதம், தலைப்பிரசவம். அம்மா இழுப்பு நோய்க்காரி என்பதால் பிரசவத்துக்குத் தாய்வீடு போகாமல் புருஷன் வீட்டிலேயே இருந்தாள். ஒத்தாசைக்குப் பதினேழு வயசு மனோரமா வந்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி சாவு முகம் பார்க்கக்கூடாது, சாவுச் செய்தி காதில் விழுந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது இந்தப் பக்கத்தில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கும் ஒரே சட்டம். செய்தி முதலில் பங்காருவுக்கு வந்தது. பங்காரு ஞானம்மாளின் புருஷன், ரயில்வேயில் கேங்மேன். அவன் மச்சினியை வேலியோரம் கூப்பிட்டுச் சொன்னான். மனோரமா அக்காவிடம், அம்மாவை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போய், அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு, மறுநாள் சாயங்கால ரயிலில் திரும்பி வந்தாள். கையில் ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. ரயிலடிக் கடையில் வாங்கி ஜாடியில் மாற்றியது. "அம்மா உனக்குன்னு போட்டுக் குடுத்தாக்கா" என்றாள்.

அதிலிருந்து நாற்பது நாள் அம்மா அந்த வீட்டில் உயிரோடு இருந்தாள். அம்மா இந்த வாரம் இருமவில்லை, அம்மா கோழி அடை வைத்திருக்கிறாள், அம்மா கைப்பிள்ளைக்குப் பழைய துணியாகப் பார்த்துக் கிழித்து வைத்திருக்கிறாள் என்று மனோரமா வாரம் தவறாமல் சேதி சொன்னாள். ஞானம்மாள் அந்த ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, அம்மாவின் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று சொல்லி ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டாள். புரட்டாசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. அம்மு என்று கூப்பிட்டார்கள். பிறந்த ஒன்பதாம் நாள் விஷயத்தைச் சொன்னார்கள். ஞானம்மாள் புருஷனை ஒரு வாரத்தில் மன்னித்துவிட்டாள். மறைக்கச் சொன்ன பெரியவர்களை ஒரு மாதத்தில் மன்னித்தாள். தங்கையை மட்டும் முடியவில்லை. மற்றவர்கள் சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். மனோரமா ஒருத்திதான் வாயைத் திறந்து சொன்னவள்.

மன்னிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை. முதல் தடவை சாம்பல் விழுந்ததற்கு அடுத்த வருஷம், தவக்காலத்துக்கு ஒரு மாதம் முந்தியே மனசைத் தயார்படுத்த ஆரம்பித்தாள். காபியை விட்டாள், கருவாட்டை விட்டாள், பூ வைப்பதை விட்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தால் போதும் என்ற ஒருசந்தியை, ஒருவேளைச் சாப்பாட்டோடு, தினமும் இருந்தாள். பக்கத்துத் தெரு நெசவாளர்களுக்கு நாடாவில் போடும் நூலைத் தார் சுற்றிக் கொடுப்பதுதான் அவள் வேலை. ராட்டை ஒரு சுற்று சுற்றும்போது மன்னிச்சிட்டேன் என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். நாளைக்கு ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பாள். அந்த மாசம் தார் நல்ல கெட்டியாக வருகிறதென்று நெசவாளர்கள் மெச்சினார்கள். புதன்கிழமை சாம்பல் விழுந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியார், தங்கச்சியை மன்னித்துவிட்டாயா என்று கேட்டார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லிகினேதான் கீறேன் சாமி. வாய் சொல்லுது. உள்ள எறங்க மாட்டேங்குது."

"எறங்கணும்னு ஆண்டவர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேங்க. கேக்கும்போதே நாக்குல ஊறுகா வந்துடுது."

சாமியார் நாற்பது வருஷமாகப் பாவங்களைக் கேட்டவர். திருட்டுக்கும் குடிக்கும் கள்ள உறவுக்கும் அவரிடம் அளவாக அபராதம் இருந்தது. இதற்கு எதுவும் இருக்கவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டு, அவள் போன பிறகு அவரும் மூன்று சொன்னார்.

1968இல் உபதேசியார் வேணு ஒரு காரியம் செய்தார். அவர் நெசவாளிக் குடும்பம். நூல் நூலோடு நிற்பதற்குப் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்களே, சாம்பலுக்கும் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சாமியாரிடம் சொல்லாமல் முந்தின நாள் சாயங்காலமே ஒரு கரண்டி கெட்டிக் கஞ்சியைச் சாம்பலில் விட்டுக் குழைத்துவிட்டார். மறுநாள் அந்தக் கோயிலில் நெற்றி நீட்டிய அத்தனை பேருக்கும் சாம்பல் இறுகிப் பிடித்துக்கொண்டது. சீயக்காய்க்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. பஞ்சாயத்துப் பள்ளி வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்தினார். மலையடிவாரத்துப் பூக்காரி, வேதக்காரர்கள் எல்லாம் முருகனிடம் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டு, கேட்காமலே கொசுறு கொடுத்தாள். ஞானம்மாளின் நெற்றியில் வைத்தது மட்டும் சாமியார் விரலை எடுப்பதற்குள் காய்ந்து, அப்பளம் மாதிரி முழுசாகக் கழன்று அவள் கைமேலேயே விழுந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதாள்.

கோயிலின் மேலாவது பழி இருக்கும் என்று ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் போயிற்று. 1971இல் ஞானம்மாள் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டுத் தேவகி மலைக்குப் போய் வந்த கையோடு, குணமாகட்டும் என்று விபூதியை எடுத்து அவள் நெற்றியில் பூசினாள். அது தலையணையில் கொட்டியது. காய்ச்சல் என்னவோ மறுநாள் இறங்கிவிட்டது. அதன் பிறகு படித்த சாமியார் ஒருவர் வந்தார், சின்ன வயசு. தோல் வியாதியாக இருக்கும் என்று வேலூருக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் அவள் நெற்றியில் பவுடர் போட்டார், ஒட்டியது. சுண்ணாம்பு தொட்டுப் பார்த்தார், ஒட்டியது. வார்டுக் கணப்புச் சட்டியிலிருந்து ஒரு சிட்டிகை சாம்பல் எடுத்து வைத்தார், விழுந்தது. தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சின்னச் சாமியார் சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அந்தப் பெண்மணியை ஜெபத்தில் உறுதியாக இருக்கச் சொல்லவும், இது பற்றி மேற்கொண்டு கடிதம் எழுத வேண்டாம் என்று பதில் வந்தது. அதிலிருந்து ஞானம்மாளின் முறை வரும்போது வேணு நற்கருணைத் தட்டை எடுத்து அவள் மோவாய்க்குக் கீழே பிடிப்பார். சாம்பல் தட்டில் விழும், அதை அடுத்தவருக்கு எடுத்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற விஷயம், எல்லாருக்கும் பழகிப்போயிற்று.

ஞானம்மாளுக்கு மட்டும்தான் பழகவில்லை. இப்படியே செத்தால் என்ன பதில் சொல்வது என்ற பயம் அவளைத் தின்றது. எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல் என்று ஜெபத்தில் வருகிற இடத்தை அவள் வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவாள். இத்தனைக்கும் அக்காளும் தங்கையும் முகம் திருப்பிக்கொண்டவர்கள் இல்லை. மனோரமாவைக் கே.ஜி.கண்டிகையில் டீக்கடை வைத்திருந்த கோதண்டபாணிக்குக் கட்டிக் கொடுத்ததே ஞானம்மாள்தான், தன் கழுத்துச் சங்கிலியைப் போட்டு அனுப்பினாள். மனோரமாவுக்குப் பிள்ளை இல்லை. அம்முதான் அவளுக்குப் பிள்ளை. லீவு விட்டால் அம்மு சித்தி வீட்டில்தான் இருப்பாள், கடை பன்னும் சித்தியின் மடியும் அவளுக்குப் போதும். வெளியே இருந்து பார்க்கிறவர்கள், கூடப் பிறந்தவர்கள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அந்த வீட்டில் ஊறுகாய் மட்டும் போடுவதில்லை. விபூதிப் புதனுக்கு முந்தின செவ்வாய் வந்தால் மனோரமா வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, அக்காவின் ஓலையை வாங்கித் தீயில் போட்டுவிட்டுப் போவாள். 1979இலோ 80இலோ அப்படி ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை வேணு பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

"இந்த வருஷமாச்சும் ஒட்டுமாக்கா?"

"தெரியலடி. நானும் தள்ளித் தள்ளிப் பாக்கறேன். நகர மாட்டேங்குது."

"நான் இன்னா செய்யட்டும் சொல்லு. இன்னா சொன்னாலும் செய்யறேன்."

"நீ இன்னா செய்வ. உன்மேல தப்பு இருந்தா மன்னிச்சிட்டுப் போயிகினே இருப்பேன். நீ நல்லதுக்குத்தான செஞ்ச."

 மனோரமா ஓலையைத் தீயில் போட்டுவிட்டு, அது எரிந்து முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

1985 பிறந்தபோது அம்மு அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டு, எட்டாம் மாதம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஜனவரிக் கடைசியில் மனோரமாவுக்குக் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள், திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். பிப்ரவரி பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செத்துப்போனாள். முப்பத்தெட்டு வயசு. செய்தி முதலில் பங்காருவுக்குத்தான் வந்தது. அவன் பெண்சாதியை வேலியோரம் கூப்பிட்டுச் சொன்னான். சொல்லும்போது அவனுக்கு இருபது வருஷத்துக்கு முந்திய வேலி ஞாபகம் வந்ததோ என்னவோ, முகத்தைப் பார்க்காமல் சொன்னான். ஞானம்மாள் உள்ளே வந்து, சித்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன், ராத்திரி அங்கேயே இருந்துவிட்டு வருவேன் என்று அம்முவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை அடக்கம் முடிந்தது. ஞானம்மாள் அங்கேயே தலை முழுகி, ஈரம் தெரியக்கூடாதென்று பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கூந்தலைக் காயவைத்துக்கொண்டே வந்தாள். ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருந்தாள். தனக்குச் செய்ததைத் தன் பெண்ணுக்குச் செய்வதில்லை. போனதும் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவது. ஊர் என்ன சொன்னாலும் சரி. வழியெல்லாம் அந்த வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டாள். அம்மு வாசல்படியில் இடுப்பில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"சித்தி எப்டிம்மா கீறா?"

ஞானம்மாள் வாயைத் திறந்தாள். பார்வை பெண்ணின் வயிற்றில் விழுந்தது. உள்ளே பிள்ளை புரண்டதில் புடவை லேசாக அசைந்தது.

"நல்லாத்தான் கீறா. எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சா."

அதோடு நிற்கவில்லை. உன்னை முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னாள், பளு தூக்கக் கூடாதென்றாள், பையன் பிறந்தால் தானே வந்து தொட்டில் கட்டுவேன் என்றாள் என்று வார்த்தை தானாக வந்துகொண்டே இருந்தது. சித்தி சிரித்தாளா என்று அம்மு கேட்டாள். ஆங், சிரித்தாள் என்று ஞானம்மாள் சொன்னாள். எத்தனை சுலபமாக வருகிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது. அடுப்பங்கரைக்குப் போய் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அடுப்புப் பக்கம் குனிந்து நின்றாள். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மனோரமாவுக்கும் அது அம்மாதான். பதினேழு வயசுப் பெண், அம்மாவை மண்ணில் வைத்துவிட்டு வந்து இதே அடுப்பில் நாற்பது நாள் சோறு பொங்கியிருக்கிறாள். எங்கே போய் அழுதிருப்பாள்? இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவளிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது, கேட்க ஆள் இல்லை. உலையில் அரிசி குழைந்து போயிற்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஓலையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் தீக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கடைசியில் வேணுவிடம் நீட்டினாள். வேணுவுக்கு விஷயம் தெரியும். வாங்கித் தீயில் போட்டார். மறுநாள் காலைப் பூசையில் அவளுடைய முறை வந்தபோது, வழக்கம்போல் தட்டை அவள் மோவாய்க்குக் கீழே பிடித்தார். அந்த வருஷத்துச் சாமியார் புதுசு. சாம்பலை வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். தட்டில் ஒன்றும் விழவில்லை. வேணு வெறும் தட்டைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், தட்டைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டார். பூசை நடுவில் பேசக்கூடாது. ஞானம்மாள் கண்ணை மூடியிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை. சாம்பல் விழுவதைப் பார்க்க வேண்டாமென்று அவள் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்துப் பல வருஷம் ஆயிற்று. கடைத்தெரு வழியாக வந்து கறிகாய் வாங்கினாள். இந்த ஊரில் யார் யாருடைய நெற்றியைப் பார்க்கிறார்கள்.

அம்மு கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அது முருங்கைக்கீரை. அம்மா உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்தாள், நிமிர்ந்தபடியே இருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்திராத ஒன்றை அம்மாவின் நெற்றியில் பார்த்தாள். கை கீரையை விட்டுவிட்டது.

"சித்தி எப்பம்மா போனா?"

"இன்னாடி பேசற நீ?"

"அவ உசிரோட இருந்தா இது உன் நெத்தியில நிக்காதேம்மா."

ஞானம்மாள் நெற்றியைத் தொட்டாள். விரலில் சாம்பல் வந்தது. முந்தானையால் அவசரமாகத் துடைத்தாள். கொஞ்சம் போயிற்று, கொஞ்சம் நின்றது. எல்லார் நெற்றியிலும் சாம்பல் அப்படித்தான் இருக்கும். கறிகாய்ப் பையை வைத்துவிட்டு அம்முவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னாள்.

"அப்ப நீ வந்து சொன்னதெல்லாம்? தொட்டில் கட்றேன்னு சொன்னாளே?"

"நான் சொன்னதுடி. அவ ஒண்ணும் சொல்லல."

"மொகத்தக்கூடப் பாக்க வுடலியேம்மா."

ஞானம்மாள் பெண்ணின் தோளில் கை வைத்தாள். அம்மு அந்தக் கையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அந்தப் பாரம் எப்படி இருக்கும், எத்தனை வருஷம் இருக்கும் என்பது உலகத்தில் யாரையும்விட ஞானம்மாளுக்கு நன்றாகத் தெரியும். அதை இறக்கி வைக்க வழி மட்டும் அவளுக்குத் தெரியாது. நீ நல்லா இருக்கணும்னுதான் சொன்னேன் என்று சொல்ல வாய் எடுத்தாள், சொல்லாமல் மூடிக்கொண்டாள். பிறகு மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கும் வெளியே வந்தது. அம்முவின் பிள்ளை பங்குனியில் சுகமாகப் பிறந்தது, ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. சத்தம் கேட்டு முதலில் தேவகி ஓடி வந்தாள், பின்னால் வேணுவும் மற்ற வீட்டுக்காரர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஞானம்மாளின் நெற்றியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு விபூதிப் புதன், வந்திருந்த எல்லார் நெற்றியிலும் சாம்பல் இருந்தது.